மழை நாளைச் சேர்க்காத கணிப்பு

14 ஜூன் 1998, ஞாயிறு. யட்டியாந்தோட்டை.

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். ரப்பர் தொழிற்சாலைக் கழிவுநீரை, கிருமிகள் தின்று சுத்தமாக்கும் தேங்காய்த் தும்பு வடிகட்டி எவ்வளவு தாங்கும் என்று கணித்தவன் நான். தினமும் ஒரே அளவு கழிவு வரும் என்று வைத்துக்கொண்டேன். மழையில் ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை, கழிவும் வராது என்பது தோட்டத்தில் யாருக்குத் தெரியாது?

வடிகட்டியைப் பார்த்துக்கொள்ளும் மாரிமுத்து போன மாதமே சொன்னான்: "மழ விட்ட மறுநாதான் ஓட நாறுதுங்கய்யா. வேல இல்லாத நாள்ல தும்புல இருக்கிற கிருமிக்கும் எங்கள மாதிரி பட்டினிதானே."

"நீ எத்தனாம் வகுப்பு?" என்று சிரித்தேன். அன்றிரவே கணித்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரி: பட்டினியில் கிருமிகள் குறைந்துபோக, மறுநாள் கழிவு அப்படியே ஓடைக்குப் போகிறது. யாரிடமும் சொல்லவில்லை.

நேற்று தோட்ட நிர்வாகியான துரை, ஓடை நாறுவதற்கு அவன்தான் காரணம் என்று வேலையை விட்டு நிறுத்தினார்.

"நீங்களாவது சொல்லுங்கய்யா" என்றான் மாரிமுத்து.

பத்து வருடமாக எனக்குப் பதவி உயர்வு தராத துரையிடம் பிழையை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. என் அறைக்குத் திரும்பிவிட்டேன்.

இப்போது கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். பிழையான சமன்பாட்டையும் காட்டியிருக்கிறேன். அதைப் பார்த்தால் எழுதியவன் யார் என்று துரைக்குப் புரிந்துவிடும். ஆனாலும் கையெழுத்துப் போடக் கை வரவில்லை. பெயரில்லாமலே நாளை தபாலில் போடுகிறேன்.