தளவாயின் மெடல்

கீழப்பாவூர்
8-7-1935

அன்புள்ள அப்பாவுக்கு வள்ளித்தாய் வணங்கி எழுதியது.

இங்கே எல்லோரும் நலம். என் மாமனார் ஜில்லா போர்டு தேர்தலுக்கு நிற்பது உங்களுக்குத் தெரியும். எதிர்த்து நிற்கிற நாறும்பூநாதன் ஆட்கள், 'தளவாய் பட்டாளத்தில் சண்டையே போடவில்லை' என்று ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். ஜெர்மன் சண்டையில், பாஸ்ராவில் குண்டடிபட்ட வெள்ளைக்காரத் துரையைத் தோளில் சுமந்து மெடல் வாங்கிய மனுஷரை இப்படியா பேசுவது? கூடப் போனவர்களில் இப்போது இருப்பது நீங்கள் ஒருவர்தான். 21ஆம் தேதி ஞாயிறு தென்காசிக் கூட்டத்தில் மேடையேறி, 'என் கண்ணால் பார்த்தேன்' என்று இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும்.

உங்கள் மகள்
வள்ளித்தாய்


குற்றாலம்
11-7-1935

சௌபாக்கியவதி மகள் வள்ளித்தாய்க்கு அப்பா ஆசீர்வாதம்.

இங்கே நல்ல சாரல். குளித்த ஈரத்தோடு ஆட்கள் கடையில் இட்லிக்கு நிற்கிறார்கள். உன் கடிதத்தைப் படித்த ஆத்திரத்தில் சட்னிக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன்.

பட்டாளத்தில் நான் பிடித்தது கரண்டி. என் கையால் ஒரு துருக்கிக்காரனும் சாகவில்லை. நம் ஆட்கள்தான் என் பருப்பைத் தின்று சாகக் கிடந்தார்கள். ஆனால் இதைக் கேள். ரயிலேறியது மூன்று பேர்: நான், உன் மாமனார், சுடலைமாடன். பம்பாயில் கப்பலைப் பார்த்ததும் உன் மாமனாருக்குக் காய்ச்சல். திருப்பி அனுப்பிவிட்டார்கள். காய்ச்சல் குற்றமில்லை. எனக்கும் தொடை நடுங்கியது, காய்ச்சல்தான் வரவில்லை.

துரையைச் சுமந்தவன் சுடலைமாடன். மறு வாரம் அவனை மணலில் புதைத்தோம். அவன் கதையை உன் கல்யாணப் பந்தலில் சம்பந்தி தன் கதையாகச் சொன்னபோது, பெரிய இடமாயிற்றே என்று நானும் தலையாட்டினேன். அந்தத் தலையை அம்மியில் வைத்து நசுக்கலாம் போலிருக்கிறது.

சுடலைமாடன் பெண்சாதி முப்பிடாதி என் கடையில்தான் மாவாட்டுகிறாள். அந்தப் பொய்யை மேடையில் சொல்லிவிட்டு அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? வர மாட்டேன்.

இசக்கிப்பாண்டி


கீழப்பாவூர்
15-7-1935

அப்பாவுக்கு,

நீங்கள் வரவில்லை என்றதும் மாமா, "ஏட்டி, ஒங்கப்பன் மேடைக்கு வரலன்னா, நீ அவன் கடைக்கே மாவாட்டப் போயிரு! இங்கன இருக்காத!" என்று கத்தினார். உங்கள் மருமகன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். எனக்கு உங்கள் மேல்தான் கோபம். பொய் என்றால் மெடல் எங்கிருந்து வந்தது? கூட்டத்துக்கு மாட்டிக்கொள்ள, திருநீறு போட்டு நான்தான் துலக்கினேன். அழுக்குப் போனதும் விளிம்பைச் சுற்றி இங்கிலீஷ் எழுத்துத் தெரிந்தது. இங்கே யாருக்கும் படிக்கத் தெரியாது. காகிதத்தை வைத்துக் கரியால் தேய்த்து அனுப்பியிருக்கிறேன். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வள்ளித்தாய்


குற்றாலம்
17-7-1935

அம்மா வள்ளித்தாய்,

நான் படித்த இங்கிலீஷ் எல்லாம் பட்டாளத்துப் பால் டின்னில் படித்தது. அதுவே போதும். முதலில் நம்பர், பிறகு சிப்பாய், பிறகு சுடலைமாடன். வாங்கினவன் பெயரைச் சர்க்கார் விளிம்பில் பொறிக்கும் என்று உன் மாமனாருக்குத் தெரியவில்லை!

முப்பிடாதியிடம் கேட்டேன். மாவை வழித்தபடியே சொன்னாள்: "பென்சன் வாங்கித் தாரேன்னு தளவாய் அண்ணாச்சிதான் கொண்டுட்டுப் போனாவ. தாலுகா கச்சேரியில தொலைஞ்சு போச்சுன்னாவ. அதுக்கென்ன இப்பம்?"

அதுக்கென்னவாம்! எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. செத்தவன் பெயரைக்கூடவா ஒருவன் திருடுவான்?

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று அவரிடம் சொல். அந்த நெஞ்சிலிருந்து மெடலைக் கழற்றி, ஊர் கேட்கப் படிக்கிறேன். ஆனால் அந்த வீட்டில் வாழ்கிறவள் நீ. வேண்டாம் என்று ஒரு வரி எழுதினால் கடையிலேயே கிடப்பேன். உன் அப்பன் அவ்வளவுதான் வீரன்.

இசக்கிப்பாண்டி


கீழப்பாவூர்
20-7-1935

அப்பாவுக்கு வள்ளித்தாய் வணங்கி எழுதியது.

இந்தத் தகரச் சம்படத்தை வண்டிக்கார முகம்மது மீரானிடம் கொடுத்தனுப்புகிறேன். உள்ளே இருப்பதை முப்பிடாதிச் சித்தி கையில் கொடுங்கள். பெயர் பளிச்சென்று தெரிகிற மாதிரி இன்னொரு தடவை துலக்கியிருக்கிறேன்.

உங்கள் மருமகனிடம் எல்லாம் சொன்னேன். வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொடுத்துரு" என்றார். கூட வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

மாமாவிடம் நான்தான் எடுத்தேன் என்று சொல்லிவிட்டு, சாயங்கால வண்டிக்கு வருகிறேன். நாளைக்கு ஆட்டுக்கல்லில் சித்தி உட்கார வேண்டாம். அவர்களைக் கூட்டிக்கொண்டு நீங்கள் தென்காசிக் கூட்டத்துக்குப் போங்கள். மாவை நான் ஆட்டுகிறேன்.

உங்கள் மகள்
வள்ளித்தாய்