அந்தத் துண்டில் இல்லாத தசை

மார்ச் 4
அறுவை மருத்துவர் போனில் கூப்பிட்டார். "சிறுநீர்ப்பைப் புற்று கேஸ் எல்லாம் இனிமே எல்லாரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு பண்ணப்போறோம். பெத்தாலஜியிலிருந்து நீங்க வந்துடுங்க டாக்டர்."

இத்தனை வருடம் திசுத் துண்டுகளோடும் மைக்ராஸ்கோப்போடும் மட்டும் குடித்தனம் நடத்தியவளுக்கு மேசையில் ஓர் இடம்! ஆய்வகத்தில் ஒரு சுற்றுச் சுற்றி ஆடினேன். டெக்னீஷியன் பார்த்துவிட்டாள். பார்க்கட்டும்.

மார்ச் 6
காலையில் மூன்று முறை உடை மாற்றினேன். "யாருக்கு இன்னிக்குக் கல்யாணம்?" என்றார் வீட்டுக்காரர்.

கூட்டத்தில் முதல் கேஸே ஒரு நீச்சல் டீச்சர். புற்று சிறுநீர்ப்பையின் தசைக்குள் இறங்கிவிட்டதாக வெளி ஆய்வகத்தின் ரிப்போர்ட். அப்படியானால் பையையே எடுத்தாக வேண்டும். பிறகு வாழ்நாள் முழுக்க, சிறுநீர் சேர வயிற்றின்மேல் ஒட்டிய ஒரு பை. எல்லோரும் தலையாட்டினார்கள்.

சிறுநீர்ப்பையிலிருந்து சுரண்டி எடுத்த துண்டின் ஸ்லைடுகளை நான் பார்த்திருந்தேன். உட்சவ்வுக்குக் கீழேயே முடிபோல மெல்லிய தசையிழைகள் சில உண்டு. புற்று தொட்டிருந்தது அவற்றைத்தான். சொல்லிவிட்டேன்.

"அப்போ ஆழமான தசைக்குள்ள போகலையா?" என்றார் அறுவை மருத்துவர்.

"அப்படிச் சொல்லலை டாக்டர். போச்சா இல்லையான்னு பார்க்க அந்தத் தசையே இந்தத் துண்டுல இல்லை."

ஸ்கேன் மருத்துவர் மெல்ல, "ஸ்கேன்லயும் உறுதியாத் தெரியலை" என்றார்.

"சரி. இன்னொரு தடவை உள்ளே போய் ஆழமாச் சுரண்டி எடுத்துத் தர்றேன்."

மார்ச் 7
பேசிட்டேனே! அய்யோ, நான் பேசிட்டேனே! — தப்பாப் போச்சுன்னா?

மார்ச் 24
புதுத் துண்டு வந்தது. லென்ஸுக்குக் கீழே தடித் தடியாகத் தசைக் கட்டுகள். ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். எதிலும் புற்று இல்லை. ஒன்றில்கூட இல்லை!

போனில், "டாக்டர், தசை இருக்கு. சுத்தமா இருக்கு" என்றேன். குரல் கீச்சென்று போய்விட்டது. அவர் சிரித்தார். "பை பிழைச்சுது. உள்ளே மருந்து விட்டு, அடிக்கடி கேமரா வச்சுப் பார்த்துக்கிட்டே இருப்போம்."

எனக்குக் கால் தரையில் இல்லை. டெக்னீஷியனுக்கு ஐஸ்கிரீம். எனக்கு இரண்டு.

ஜூலை 10
கேமரா சோதனையில் பை சுத்தம். டீச்சர் என்னைப் பார்க்க வேண்டுமாம், மாடிக்கு ஓடினேன். நல்ல உயரம், அகலத் தோள்.

"என்னை உள்ளே முழுக்கப் பார்த்தது நீங்கதானா? இப்பத்தான் முகத்தைக் காட்டுறீங்க!" என்றார். சிரித்துக்கொண்டே கையைப் பிடித்தார், விடவில்லை. "நீச்சல் தெரியுமா டாக்டர்?"

தெரியாது என்றேன். என் தலையெழுத்து அங்கேயே முடிவாகிவிட்டது.

ஆகஸ்ட் 2
நீச்சல் குளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் கரையோரக் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். "கம்பி எங்கேயும் ஓடாது, விடுங்கம்மா" என்றார் டீச்சர். விட்டேன். மூக்கெல்லாம் தண்ணீர். கரையில் வீட்டுக்காரருக்கு அடக்க முடியாத சிரிப்பு.

நான் இருமி முடிப்பதற்குள் டீச்சர் அந்தக் கரையைத் தொட்டுத் திரும்பி வந்திருந்தார். மூச்சுகூட வாங்கவில்லை.