ஜீப்பில் எல்லோரும் படித்தார்கள், செல்வி மட்டும் தேறினாள்

என் உயிரான பூங்கோதை அக்காவுக்கு,

கம்பத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே நம் செல்வி கிடக்கிறாள். கம்பம்மெட்டு வளைவுகளில் ஜீப் எந்த ஆட்டம் ஆடினாலும் வாந்தி எடுக்காதவள் என்று நீ கேலி செய்வாயே, அவள்தான். தோட்டத்துப் பூச்சிமருந்து உடம்பில் ஏறிவிட்டது. இன்னும் கண் திறக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா.

நீ வேலையை விட்டுப் போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. ஏலக்காய்த் தோட்டத்தில் மருந்து கலக்கும்போது கையுறை எதற்கு, தலை சுற்றினால் என்ன செய்வது என்று தமிழில் பேசிக் கற்றுக்கொடுக்க நாம் ஒரு செயலி செய்தோம் அல்லவா? கம்பத்திலிருந்து தினமும் மலையேறி வண்டன்மேட்டுக்கு வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஜீப்தான் பள்ளிக்கூடம் என்று நீ ஒற்றைக்காலில் நின்றாய். ஒரே போன், சத்தமாக வைத்து, எல்லோரும் கூவிக் கூவிப் பதில் சொல்வார்கள். “இது படிப்பா, சந்தைக்கடையா?” என்று நான் சிரித்தேன்.

நீ உடனே பனி படிந்த முன்கண்ணாடியில் விரலால் பெரிய முக்கோணம் போட்டு, செயல்பாட்டுக் கோட்பாட்டை விளக்க ஆரம்பித்துவிட்டாய். “ஆளையும் போனையும் மட்டும் பாக்காதடி. கூட யாரு இருக்காக, என்ன வழக்கம், வேலைய எப்படிப் பங்கு போட்டுக்கிறாக, எதுக்காகச் செய்றாக, அம்புட்டும் சேந்தாத்தான் படிப்பு. ஒண்ண மாத்துனா மத்ததும் மாறும்.” டிரைவர் அண்ணன், “டீச்சரு, கண்ணாடியத் தொடைங்க, ரோடு தெரியல” என்று கத்தினார். நீ இல்லாத இந்த நாட்களில் அந்தக் குரல்கூட வேண்டியிருக்கிறது.

நம் நிறுவனத்துக்குப் புது அதிகாரி வந்தார். ஆளுக்கொரு கணக்கு, முகப்படம், தனித்தனித் தேர்வு என்று செயலியை மாற்றச் சொன்னார். அவர்கள் சேர்ந்துதான் படிக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். யார் கற்றார்கள் என்று தரவு வேண்டாமா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

பெண்கள் என்ன செய்வார்கள்? வளைவில் போனைப் பார்த்தால் மற்றவர்களுக்குக் குமட்டும். எப்போதும் போலச் செல்வி கையில் கொடுத்துவிட்டு எல்லோரும் பதில் சொன்னார்கள். அவள் முகம், அவள் கணக்கு. அதனால் செயலிக்குத் தெரிந்தது ஒன்றுதான்: செல்வி தேறிவிட்டாள், மற்ற யாருக்கும் ஒன்றும் தெரியாது. அவள் பெயர் மட்டும் தோட்டத்துக்குப் போனது. பயிற்சி பெற்றவள்தான் மருந்தைத் தொடலாம் என்றார்கள். கேட்க எவ்வளவு பாதுகாப்பாக இருக்கிறது!

முன்பெல்லாம் மாற்றி மாற்றிக் கலக்குவார்கள். ஒருத்தி கலக்கும்போது இன்னொருத்தி பக்கத்தில் நின்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். இப்போது அந்த டிரம்முக்கு அருகில் தினமும் செல்வி ஒருத்திதான். மருந்து நெடியில் மயங்கி விழுந்தவளை வெகுநேரம் யாரும் பார்க்கவில்லை.

அதே ஜீப்பில் வரும் பேச்சியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “கேட்ட கேள்விக்கெல்லாம் நானுந்தான பதில் சொன்னேன், சின்ன டீச்சரு! அவ போனத்தான புடிச்சிருந்தா. நான் போயி நின்னா, ‘ஒனக்குப் பாஸ் இல்ல, காய் எடுக்கப் போ’ன்னு கங்காணி வெரட்டுறாரு. அவ மொகம் கறுத்தத ஒருத்தரும் பாக்கலயே!”

பக்கத்தில் ஆள் நிற்பதும் பாடத்தின் பாதி என்று அந்தச் செயலியில் எங்கே எழுதுவது? காப்பாற்றச் செய்த ஒன்று ஆளைக் கொல்லுமா அக்கா? நீ இருந்தால் மேசையைத் தட்டிக் கேட்டிருப்பாய். எனக்கு அழுகைதான் வருகிறது.

சற்று முன் அதிகாரி பேசினார். செல்வி எப்படி இருக்கிறாள் என்று கேட்டார், ஒப்புக்கு. பிறகு, மருந்து கலக்க ஆள் இல்லாமல் தோட்டத்தில் வேலை நிற்கிறதாம், இன்னொருத்தியைத் தேர்ச்சி பெறவைத்துப் பெயர் அனுப்பச் சொன்னார். “பேச்சியம்மா சரியாக இருப்பார் இல்லையா?” என்றார். பேச்சியம்மா அப்போது என் தோளில் சாய்ந்திருந்தாள். நான் போனை வைத்துவிட்டேன்.

அக்கா, என் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன். தனியாக ஒருத்தியின் பெயரை அனுப்ப மாட்டேன். வேலை போனால் போகட்டும். நாளை ஜீப்பில் ஏறும் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நிற்பேன். யார் கற்றார்கள் என்று கேட்டால், இவர்கள் என்பேன். செல்வி எங்கே என்று கேட்டால் என்ன சொல்வேன் என்றுதான் இன்னும் தெரியவில்லை.

நீ இல்லாமல் தனியாக நிற்கும்
உன் தங்கை,
மலர்