ரோட்டுக்கு முதுகு காட்டிய பஸ் நிழற்குடை

சேசு மரி சூசை துணை

ஏற்காடு மலை,
9.11.1988

அன்பு மகள் சாந்தாமேரிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, மாடு, கோழி எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம், மழைதான் விட்டபாடில்லை, துவைத்த துணி காயாமல் வீடெல்லாம் முடை நாற்றம். நீயும் அந்த மஸ்கட் வெயிலில் வற்றிப்போகாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் தினமும் சொல்கிறேன், அவளுக்கும் கேட்டுக் கேட்டுப் புளித்திருக்கும். உன் கடிதம் கிடைத்தது. தாத்தா அடக்கத்துக்கு வர ஆஸ்பத்திரியில் லீவு கொடுக்கவில்லை என்று பக்கம் பக்கமாக அழுதிருக்கிறாய். கண்ணு, நீ வந்திருந்தாலும் அவர் எழுந்து உட்கார்ந்து உன்னை விசாரித்திருக்கப் போவதில்லை, அழுகையை நிறுத்து. அன்றைக்குக் காலையில் வழக்கம்போல ரோட்டுக்குப் போய் வந்தார், காப்பி குடித்தார், சர்க்கரை பத்தவில்லை என்று என்னைக் குறை சொன்னார், நாற்காலியில் சாய்ந்தார், அவ்வளவுதான். கடைசியாக அவர் வாயில் வந்தது செபம் என்று உன் பெரியப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், சர்க்கரை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். நீ மற்றதெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் கேட்டிருக்கிறாயே, அதற்குத்தான் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. தாத்தா கட்டின பஸ் நிழற்குடையை இடிக்கப் போகிறார்களாமே, அடக்கத்துக்குத்தான் வர முடியவில்லை, அதையாவது நான் வந்து பார்க்கிற வரைக்கும் இடிக்க விடாதே அம்மா என்று எழுதியிருக்கிறாய். பஞ்சாயத்துத் தலைவர் பழனிசாமியும் நம் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் கடப்பாறை வைக்க மாட்டேன் என்று காத்திருந்தார். உன் அப்பாவைக் கேட்டால் மிளகுக் கொடி பார்க்க வேண்டும் என்று தோட்டத்துக்குப் போய்விட்டார், வீட்டில் பெரிய விஷயம் எது வந்தாலும் அவருக்கு மிளகுக் கொடி ஞாபகம் வந்துவிடும். ஆக அந்த ஒரு வார்த்தை என் தலையில் வந்து விழுந்தது.

அடக்கம் குறையில்லாமல் நடந்தது. உன் பெரியப்பா லாசர் சேலத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களைக் கூட்டி வந்தார், பாதிப் பேர் யாரென்று அவருக்கே தெரியவில்லை, ஏற்காடு பார்க்க வந்தவர்களாக இருக்கும். எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தது, கோயில் உபதேசியாராக முப்பது வருஷம் செபம் சொல்லிக் கொடுத்தது, பஞ்சாயத்துத் தலைவராக இருந்து கிணறு வெட்டியது எல்லாவற்றையும் சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். போன வருஷம்தான் வந்த சின்ன வயசுச் சாமியார், யாரோ எழுதிக் கொடுத்ததைப் படித்தார். மக்களின் முகத்தை ஆலயத்தின் பக்கம் திருப்பியவர் பெரியநாயகம் ஐயா என்று அவர் உருக்கமாகச் சொன்னபோது என் பக்கத்தில் இருந்த சென்னம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள், பின்னால் இருந்தவர்கள் அழுகிறாள் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். எனக்கு உதட்டைக் கடித்துக் கடித்தே ரத்தம் வந்துவிட்டது.

சென்னம்மாள் ஏன் சிரித்தாள் என்றால், நீ அப்போது சின்னப் பிள்ளை, உனக்குப் பாதிதான் தெரியும். தாத்தா தலைவராக இருந்தபோது மாரமங்கலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகிற காலை வண்டியை நம் ஊரில் நிற்க வைத்தவர் அவர்தான், அதற்காக அவர் ஏறி இறங்காத ஆபீஸ் கிடையாது, அதை யாரும் மறுக்க முடியாது. வண்டி நின்றது, நிழற்குடை கட்டவும் அனுமதி வந்தது. கோயில் வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் கட்டினார், நல்ல கல்லுக் கட்டடம், ஒரு சொட்டு ஒழுகாது. என்ன, திறந்த பக்கத்தைக் கோயிலைப் பார்த்து வைத்துவிட்டார். ரோட்டுப் பக்கம் முழுக்கச் சுவர். பள்ளத்திலிருந்து வருகிற காற்று அடிக்கும் என்று ஊருக்கு ஒரு காரணம் சொன்னார். வீட்டில் வேறு காரணம். வண்டிக்கு நிற்கிற ஜனம் சும்மா உட்கார்ந்தால் ஊர்வம்பு பேசும், எதிரே மாதா சுரூபம் தெரிந்தால் ஒரு அருள்நிறை மரி செபமாவது சொல்லும் என்றார். அவர்கள் மாதாவைப் பார்த்துக்கொண்டே வம்பு பேசினார்கள், முதுகுக்குப் பின்னால் வண்டி போய்விட்டது. சென்னம்மாள் மாரியம்மனைக் கும்பிடுகிறவள், அவள்கூட மாதாவைப் பார்த்து, ஆத்தா உனக்குத்தான் அங்கிருந்து ரோடு தெரியுது, வண்டி வந்தா ஒரு வார்த்தை சொல்லு என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சுவரைத் திருப்பி வையுங்கள் என்று சொன்னவர்களிடம் பக்தி இருந்தால் காது கேட்கும் என்றார் தாத்தா. தன்மேல் தப்பு என்பதைத் தவிர மற்ற எல்லாப் பாவத்தையும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்கிற மனுஷன் அவர். சேர்வராயன் கோயில் திருவிழாவில் பரிவட்டம் கட்டிக்கொண்டு வந்து, அது தலைவருக்குக் கட்டியது உபதேசியாருக்கு இல்லை என்று அப்போதிருந்த சாமியாரிடம் வாதாடினவர், இரண்டு பேருக்கும் ஒரே தலைதானே என்று சாமியார் கேட்டதும் குடையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார்.

அடுத்த தேர்தலில் பழனிசாமி எதிர்த்து நின்றார். வண்டி கண்ணுக்குத் தெரிய வேண்டுமா, எனக்குப் போடுங்கள், வந்த வாரமே சுவரை இடிக்கிறேன் என்று ஒரே பேச்சுத்தான், வேறு எதுவும் பேசவில்லை. கிறிஸ்தவர்கள் தெருவிலேயே தாத்தாவுக்கு ஓட்டு விழவில்லை, நம் வீட்டில் எத்தனை விழுந்தது என்று நான் யாரையும் கேட்கவில்லை. தோற்ற மறுநாள் விடிந்தும் விடியாமல் தாத்தா குடையை எடுத்துக்கொண்டு போனவர் ரோட்டு ஓரத்தில் நின்றார். பனியில் வண்டியின் விளக்கு வளைவில் மங்கலாகத் தெரிந்ததும், செபம் சொல்லிக் கொடுக்கிற குரலில் வண்டி வருது என்று ஒரு சத்தம். நிழற்குடைக்குள் இருந்தவர்கள் எல்லாம் வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடி வந்து ஏறினார்கள். மறுநாளும் போனார். அப்புறம் சாகிற அன்று வரைக்கும் போனார், பதினெட்டு வருஷம். எதற்கு மாமா இந்தக் குளிரில் என்று கேட்டால், காலில் ரத்தம் ஓட வேண்டாமா என்பார். நான் கட்டினது தப்பு என்று மட்டும் அந்த வாயில் வரவே இல்லை. பழனிசாமியும் சுவரை இடிக்கவில்லை. வாக்குக் கொடுத்தாரே என்று ஜனம் கேட்டது, திட்டியது, நடுவில் சில வருஷம் பதவி இல்லாமல் இருந்து போன தேர்தலில் மறுபடி தலைவராகியும் இடிக்கவில்லை. கையாலாகாத மனுஷன் என்று நானே வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறேன்.

தாத்தாவை அடக்கம் செய்த மறுநாள் காலையில் என்ன நடந்தது தெரியுமா, ஊரே வண்டியை விட்டுவிட்டது. உள்ளே இருந்தவர்கள் எல்லாம் தாத்தாவைப் பற்றிப் பேசிக்கொண்டே அவர் சத்தத்துக்குக் காத்திருக்கிறார்கள். டிரைவர் ரோட்டில் குடை தெரியாததைப் பார்த்து, ஆள் இல்லை என்று நிறுத்தாமலே போய்விட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகள், எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள், மருமகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக இருந்த சென்னம்மாள், எல்லோரும் மழையில் நின்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்களாம். அன்றைக்கே பஞ்சாயத்தில் இடிப்பது என்று முடிவாகிவிட்டது. உன் பெரியப்பா வந்து, கூடவே கூடாது, அப்பாவின் நினைவுச் சின்னம், மக்கள் தொண்டர் என்று பளிங்குக் கல்லில் வெட்டச் சொல்லிவிட்டேன், அந்தச் சுவரில் பதிக்கணும் என்று குதித்தார். அவருக்கென்ன, சேலத்தில் வாசலுக்கு வாசல் பஸ். நானும் உன் கடிதத்தைப் படித்துவிட்டு வேண்டாம் என்று சொல்லத்தான் இருந்தேன்.

முந்தாநாள் பழனிசாமியே வீட்டுக்கு வந்தார். குடையை வெளியே வைத்துவிட்டு, உட்காரச் சொன்னாலும் உட்காராமல் தாத்தா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம், ஜெயித்த உடனே இடித்திருந்தால் இன்றைக்கு என்னை வந்து கேட்க வேண்டாமே, இத்தனை வருஷம் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"அப்பவே ஆளுங்களக் கூட்டிக்கிட்டுக் கடப்பாறையோட போனேன் அம்மிணி. மழைன்னா நொம்ப மழை. உங்க மாமனாரு ரோட்டுல நின்னு வண்டி வருதான்னு பாத்துக்கிட்டிருக்காரு. ஓட்டையும் புடுங்கிக்கிட்டோம், இந்தச் செவுத்தையும் எடுத்துப்புட்டா நாளைக்குக் காலைல இந்த மனுசன் எதுக்குங்க எந்திரிப்பாருன்னு தோணுச்சு. அப்பிடியே ஊட்டுக்குத் திரும்பிட்டேன். ஊருல எல்லாருத்துக்கும் தெரியுமுங்க, நீங்கதான் ஊட்டு ஆளுக, உங்ககிட்டச் சொல்லல."

சாந்தா, அடக்கத்தில் எனக்கு வராத அழுகை அப்போது வந்தது. அந்த ஆள் முன்னால் அழக் கூடாது என்று அடுப்படிக்கு ஓடிப்போய் நின்று அழுதேன். திட்டிக்கொண்டே பதினெட்டு வருஷம் ஒரு ஊர் அந்தச் சுவரைப் பொறுத்துக்கொண்டது என்றால் அது தாத்தாவுக்காகத்தான். அவரே போன பிறகு அந்தச் சுவருக்கு அங்கே வேலை இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, இடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னதற்கு நீ நாலு நாள் என்னோடு பேசாமல் இருந்துகொள், அங்கிருந்து எப்படியும் பேசப் போவதில்லை. உன் பெரியப்பாவின் பளிங்குக் கல் கல்லறைக்குப் போகிறது, அங்கே யாருக்கும் எதையும் மறைக்காது. புதியது ரோட்டைப் பார்த்து இருக்கும். கோயிலுக்கு முதுகு காட்டுவதா என்று சாமியாருக்கு வருத்தம், மாதாவுக்கு முதுகைப் பார்த்தே ஆளைத் தெரியும் சாமி என்று சொல்லி அனுப்பினேன். மழை நின்றதும் வேலை ஆரம்பம், அதுவரைக்கும் காலையில் பழனிசாமிதான் குடை பிடித்து நிற்கிறார், குரல்தான் எட்டவில்லை, பாதிப் பேருக்குக் கேட்கிறது.

தலைக்கு எண்ணெய் வைக்காமல் திரியாதே, ராத்திரி டியூட்டிக்கு முன்னால் ஏதாவது வயிற்றுக்குப் போடு. பேரீச்சம்பழம் இனி அனுப்பாதே, உன் அப்பாவுக்குப் பல் ஆடுகிறது. லீவை மட்டும் இப்போதே கேட்டு வை, செத்தவருக்காகக் கேட்டால்தான் கொடுக்க மாட்டார்கள், உயிரோடு இருக்கிற அம்மாவைப் பார்க்க என்று கேள். எந்த வண்டியில் வருகிறாய் என்று எழுதினால் போதும். நான் சீக்கிரமே போய்ப் புது நிழற்குடையில் இடம் பிடித்து உட்கார்ந்துவிடுவேன், வளைவில் வண்டி திரும்பும்போதே சன்னலில் உன் முகம் எனக்குத் தெரிந்துவிடும்.

ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், உன் தாத்தாவின் பிடிவாதம் உனக்கு வராமல் இருக்கட்டும்.

என்றும் உன் அம்மா,
லூர்துசெல்வி