மாப்பிள்ளை வீட்டாருக்கு ஊற்றிய ஜிஞ்சர் பியர்

1992 ஏப்ரல் 21, மானிப்பாய்

முதல் சாடி ஜிஞ்சர் பியர் இன்று திறந்தேன். பெயரில்தான் பியர், குழந்தைகளும் குடிக்கிற இஞ்சிப் பானம். நுரை இல்லை. மணம்: நனைந்த சாக்கு. ருசி: இஞ்சிக் கஷாயம். பத்துக்கு இரண்டு.

எண்பத்து மூன்று கலவரம்வரை கொழும்பில் ஒரு பியர் ஆலையில் ருசி பார்த்துப் புள்ளி போடுவதுதான் என் உத்தியோகம். அங்கே வாயில் வைத்துவிட்டுத் துப்ப வேண்டும். இங்கே துப்பினால் மனைவி பத்மாவதி ஏசுவாள். விழுங்கினேன்.

ஏப்ரல் 26

இரண்டாம் சாடி. பத்துக்கு இரண்டரை. அந்த அரைப் புள்ளி என்மேல் இரக்கப்பட்டுப் போட்டது.

ஈஸ்ட் இல்லாமல் நுரைக்காது. யுத்தத் தடையால் பேக்கரிக்காரரிடமே ஈஸ்ட் இல்லை. கடைகளில் சோடா இல்லை, சீனியைக் கண்டு கனகாலம். மே பத்தாம் திகதி மகள் குணலட்சுமியைப் பொம்பிளை பார்க்கக் கரவெட்டியிலிருந்து வருகிறார்கள். என்னத்தைக் குடிக்கக் கொடுப்பது?

பிள்ளைக்கு முப்பத்தொன்று. இரண்டு சம்பந்தங்கள் சாதகம் பொருந்தாமல் நின்றுபோயின. இந்தக் கரவெட்டி மாப்பிள்ளை தேவராசாவை அவளுக்குப் பிடித்திருக்கிறது. கேட்டால் இல்லை என்கிறாள். படத்தை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.

ஏப்ரல் 28

பத்மாவதி சொன்னாள்: "அப்பத்துக்கு விடுறதை இதுக்கும் விடுங்கோவன்."

பனங்கள்ளு! ஆலையில் பத்து வருடம் இருந்தவனுக்கு இது தோன்றவில்லை. கள்ளுத் தவறணையில் அரைப் போத்தல் வாங்கி வந்தேன்.

மே 4

நுரை! ஒரு தக்கை பறந்து ஓட்டில் அடித்தது. குண்டு விழுந்ததென்று பக்கத்து வீட்டார் பங்கருக்குள் இறங்கிவிட்டார்கள். ஒரு போத்தலோடு போய் மன்னிப்புக் கேட்டேன். பத்துக்கு எட்டு.

மே 10

மண்ணெண்ணெயில் ஓடும் காரில் வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் கனகசபாபதி கோயில் தர்மகர்த்தா. தவறணை இருக்கிற ஒழுங்கையாலேயே போகமாட்டாராம். மூன்றாவது கிளாஸ் குடிக்கும்போதுதான் அதைச் சொன்னார். நான் பத்மாவதியைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள்.

போகும்போது, "நல்லாயிருக்கு. என்னெண்டு செய்யிறது எண்டு எழுதி அனுப்புங்கோ" என்றார்.

மே 13

இஞ்சி, பனங்கட்டி, தேசிக்காய், தண்ணீர் என்று எழுதி அனுப்பினேன்.

மே 27

கரவெட்டியிலிருந்து கடிதம். "நுரைக்கவில்லை. ஏதோ ஒன்றை எழுத மறந்துவிட்டீர்கள்." சம்பந்தத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

குணலட்சுமி வாசித்துவிட்டு, "உண்மையை எழுதுங்கோ அப்பா. பேந்து தெரிஞ்சால் என்னைத்தான் சொல்லிக்காட்டுவினம்" என்றாள்.

எழுதினால் மட்டும் விடுவினமோ? ஒரு வாய்க் கள்ளாலை என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கை போகப்போகுதோ? நான் ஏன் மோரைக் கரைச்சுக் குடுக்கேல்லை —

கள்ளு விட்டதை எழுதிப் போட்டுவிட்டேன்.

ஜூன் 6

பதில் இல்லை.

ஜூன் 11

இல்லை. குணலட்சுமி என்னோடு நன்றாகத்தான் கதைக்கிறாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஜூன் 17

கனகசபாபதி தனியாகச் சைக்கிளில் வந்தார், அவ்வளவு தூரம். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உரப்பைக்குள் கையை விட்டு ஒரு போத்தலை எடுத்து மேசையில் வைத்தார்.

"குடிச்சுப் பாருங்கோ."

குடித்தேன். நுரை கலையாமல் நின்றது. இஞ்சிக் காரம் காணாது. கள்ளை யார் வாங்கியது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"கள்ளு கொஞ்சம் கூடிப்போச்சு" என்றேன். தொழில் பழக்கம், வாய் நிற்கவில்லை.

"ஓம், எனக்கும் அப்பிடித்தான் பட்டது. ஆவணியிலை கலியாணத்துக்கு நாள் பார்த்திருக்கிறம். அதுக்கு முதல் சரிப்பண்ணுவம்."

சந்தோஷம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். குடித்த நுரை பெரிய ஏவறையாக வெளியே வந்தது. அவர் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்.