என் எண்ணுக்கு வந்த செய்தி

அக்கா,

இன்று காலை மையத்தைத் திறந்து கம்ப்யூட்டரைப் போடுவதற்குள் போன் சிணுங்கியது. உன் வாரிசுச் சான்றிதழுக்கு ஒப்புதல் ஆகிவிட்டதாம். நீ இல்லை என்பதை மட்டும் ஒரு குறையும் சொல்லாமல் ஒரே தடவையில் ஏற்றுக்கொண்டார்கள்.

வருமானச் சான்றிதழுக்குத்தான் நீ முதலில் என் இ-சேவை மையத்துக்கு வந்தாய். இதய ஆபரேஷனுக்குக் காப்பீட்டு அட்டை வேண்டும், அட்டைக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். திராட்சைத் தோட்டத்து வேலையை முடித்த கையோடு, காமயகவுண்டன்பட்டி பஸ்ஸில் வந்து இறங்கி, மூச்சு வாங்க நின்றாய். செல்போன் எண் கேட்டேன்.

"எனக்கு ஏது போனு? உன் நம்பரையே போட்டுரு ஆத்தா. கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேல்ல, இனி அவுக பாத்துக்கிருவாக."

போன் இல்லாதவர்களுக்கு என் எண்ணைப் போடுவது என் வழக்கம். உதவி என்றுதான் நினைத்திருந்தேன். ஊர்ப்பட்ட பேருடைய செய்திகள் வந்து குவியும். பாதியைத் திறந்துகூடப் பார்க்க மாட்டேன்.

இரண்டு தடவை வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, கூட்டத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே போனாய். மூன்றாம் தடவை நானே தேடினேன். ரேஷன் கார்டு நகல் தெளிவாக இல்லை என்று மனு மூன்று வாரத்துக்கு முன்பே திரும்பியிருந்தது. நகல் எடுத்தவள் நான். செய்தி வந்ததும் என் போனுக்கு. ஆனாலும், "ஆபீஸ்ல இப்பத்தான்க்கா திருப்பிவிட்டிருக்காக" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

"அவுகளும் பாவம், எத்தன பேருக்குத்தான் பாப்பாக" என்று நீ பரிந்து பேசினாய். புது நகல் எடுக்க உன் ரேஷன் கார்டை வாங்கிக்கொண்டேன்.

மறுபடி ஏற்றினேன். சான்றிதழ் வந்தது, அட்டையும் வந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதற்குள் நீ போய்விட்டாய். அந்த மூன்று வாரம் வீணாகாமல் இருந்தால் பிழைத்திருப்பாயா? தெரியாது. தெரியாததுதான் என்னை அரிக்கிறது.

போன மாதம் உன் வீட்டுக்காரர் வாரிசுச் சான்றிதழுக்கு வந்தார். "பக்கத்து வீட்டு நம்பராவது சொல்லுங்க மாமா" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன்.

"எதுக்கு? உன் நம்பரையே போட்டுரு ஆத்தா. அவ உன்னத்தான நம்புனா."

போட்டேன். இப்போது தினமும் ஒவ்வொரு செய்தியையும் திறந்து படிக்கிறேன். உன் மனு திரும்பியதாக வந்த அந்தப் பழைய செய்தியை மட்டும் அழிக்க மனம் வரவில்லை.

சான்றிதழை அச்செடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். பதினொரு மணி பஸ்ஸில் மாமா வருவார். இன்று உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன். திட்டினால் தாங்கிக்கொள்வேன். உன்னைப் போலவே அவரும், "நீயும் பாவம், எத்தன பேருக்குத்தான் பாப்ப" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன், அக்கா?