எதிர்க்கடை நிழல்

ஏப்ரல் 3

இன்றைக்கும் கொத்தமல்லி காலை வாரிவிட்டது. விடியும்போது இறக்கிய கட்டு, ஒன்பது மணிக்குள் தலையைத் தொங்கப்போட்டுவிட்டது. புதினா அதற்கும் முன்னாலேயே. கிழக்குப் பார்த்த கடை. சூரியன் எழுந்ததும் நேராக எங்கள் கடைக்குத்தான் வருகிறான். வாங்குவதும் இல்லை, நகர்வதும் இல்லை. பந்தல் போட்டும் பயனில்லை, தாழ்ந்த வெயில் பந்தலுக்கு அடியில் புகுந்து வந்துவிடுகிறது. உள்ளே வைத்தால் தகரக் கூரை அவித்து எடுத்துவிடும்.

எதிர்ப்பக்கம் பார்த்தால் வயிறு எரிகிறது. அக்கா கடையில் கீரை இப்போதுதான் பறித்த மாதிரி நிற்கிறது. அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. இவருடைய அண்ணன் மனைவி, என் ஓரகத்தி. அண்ணனும் தம்பியும் வியாபாரத்தைப் பிரித்துக்கொண்டபோது தெருவின் அந்தப் பக்கக் கடை அவர்களுக்கு, இந்தப் பக்கம் எங்களுக்கு. அதிலிருந்து காய்ச்சல், கல்யாணம், சாவு, இந்த மூன்றுக்கு மட்டும்தான் பேச்சு.

எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் உண்மை: அவள் காய் அடுக்கினால் அந்த வழியாகப் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். நானும்தான் பார்க்கிறேன்.

ஏப்ரல் 4

ஐஸ் வைக்கிறாளோ?

ஏப்ரல் 8

லாரிக்காரரோடு சண்டை. தக்காளி பாதி வெடித்திருந்தது, பாதி வெந்திருந்தது. பீன்ஸை ஒடித்தால் ஒடியவில்லை, நார் நாராக இழுக்கிறது. காலிஃபிளவர் கண்ணிலேயே படவில்லை.

“நான் என்னம்மா பண்ணட்டும்? இந்த வெயில்ல செடியில பூவே கருகிக் கொட்டுது, காய் எங்கேருந்து வரும்? வர்ற கொஞ்சத்தையும் பெரிய கடைங்களுக்குப் போட்டுட்டுத்தானே இங்க வர முடியும்? உங்க ரெண்டு கூடைக்காக வண்டியை முதல்ல இந்தத் தெருவுக்குத் திருப்புவாங்களா?”

நியாயம்தான். அதனால் இன்னும் கோபம் வந்தது.

சாப்பிடும்போது இவர் சொன்னார், “மே முடியட்டும். இப்படியே போச்சுன்னா கடையை விட்டுடலாம். கிடங்குல காவல் வேலை இருக்காம். ஜூன்ல சேரணும்.” தட்டைப் பார்த்தபடி சொன்னார். நான் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டேன். கடை போனால் நான் யார்? வீட்டில் நான் ‘ஏய்’. பள்ளிக்கூடத்தில் இன்னாரோட அம்மா. இந்தத் தெருவில் மட்டும்தான் நான் கடைக்காரம்மா. அதை விட்டுவிட வேண்டுமா? முடியாது. என்னால் முடியாது.

ஏப்ரல் 12

தராசைத் துடைப்பது போல நின்றுகொண்டு காலை முழுக்க அவள் கடையை வேவு பார்த்தேன். ஐஸ் இல்லை. மருந்து மாயம் ஒன்றும் இல்லை. ஈரச் சாக்கு, ஒரு சொம்புத் தண்ணீர், அவ்வளவுதான். அந்தத் தண்ணீரையும் ஊற்றுவதில்லை, விரல் நுனியால் தெளிக்கிறாள். நான் வாளியோடு கவிழ்ப்பேன், அது அடியில் தேங்கி அழுகும்.

ஒரு பெண் வெண்டைக்காய் கேட்டாள். அக்கா சொன்னது தெருவைத் தாண்டி எனக்கே கேட்டது. “இன்னிக்கு வேண்டாம்மா, வெயில்ல முத்திப்போச்சு. சமைச்சா என்னைத்தான் திட்டுவே. பீர்க்கங்காய் எடுத்துக்க.” எனக்கென்றால் அப்படிச் சொல்ல வாய் வராது. நான் வெண்டைக்காயை நிறுத்துப் பையில் போட்டிருப்பேன்.

பெரிய மனசா, பெரிய சாமர்த்தியமா? இரண்டும்தான் போல.

ஏப்ரல் 17

இதை முழுதாக எழுதியாக வேண்டும்.

நான் மத்தியானம் ஷட்டரை இறக்கிவிடுவேன். காலையிலேயே எல்லாம் வாடிப்போன பிறகு யாருக்காகத் திறந்து வைப்பது? கடைக்குப் பின்னால்தான் வீடு. படுத்து எழுந்து, தெருவிளக்கு போட்ட பிறகு திறப்பேன். இத்தனை வருஷமாக அப்படித்தான்.

இன்று மின்சாரம் போய்விட்டது. மின்விசிறி நின்றதும் தூக்கமும் போயிற்று. காற்றுக்காக ஷட்டரைப் பாதி தூக்கினேன். எதிரே என்ன பார்த்தேன்!

மேற்கு வெயில் அக்கா கடையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. காலை வெயில் எனக்கு அடிக்கிறது என்றால் இது உதைக்கிறது. அவள் தனி ஆளாகக் கூடைகளை இங்கேயும் அங்கேயும் நகர்த்திக்கொண்டிருந்தாள். மூத்தவருக்கு, அவள் வீட்டுக்காரருக்கு, இடுப்புவலி, குனிய முடியாது. இவளோ சாக்கை நனைப்பதும், மூடுவதும், காய்ந்ததும் மறுபடி நனைப்பதுமாக ஓய்வில்லாமல் இருந்தாள். முட்டைக்கோஸின் வெந்த மேல் இலைகளை உரித்துப் போட்டாள். வாடிய கீரையைக் காம்பு கிள்ளித் தண்ணீரில் நிற்க வைத்தாள். ஒரு தடவை சொம்பைத் தன் தலையிலேயே கவிழ்த்துக்கொண்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த கூடைக்குப் போனாள்.

விளக்கு போடும் நேரத்துக்கு அந்தக் கடை மறுபடி பளிச்சென்று இருக்கும். அதை மட்டும்தான் நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 18

நல்ல பக்கத்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று இத்தனை நாள் கருவிக்கொண்டிருந்தேன். காலையில் மட்டும் பார்த்துவிட்டு!

ஏப்ரல் 20

செய்துவிட்டேன்.

உச்சி வெயில் சாய ஆரம்பித்ததும் தெருவைத் தாண்டினேன். பேசிக்கொண்டிருந்தால் சண்டையில் முடியும் என்று தெரியும். அதனால் பேசவில்லை. அவள் கீரைக் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தேன்.

“ஏய்! எங்கடி தூக்கிட்டுப் போற? பட்டப்பகல்ல திருடுறியா?”

தெருவே திரும்பிப் பார்த்தது. தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டார்.

“நிழலுக்குத் தூக்கிட்டுப் போறேன்க்கா.”

அவள் இடுப்பில் கை வைத்து நின்றாள். என் கடையைப் பார்த்தாள். வாசல் முழுக்க நிழல், ஷட்டர் மட்டும் மூடிக் கிடந்தது. அப்புறம் புதினாக் கூடையைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் வந்தாள்.

எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்த பிறகுதான் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு ஆரம்பித்தாள். “தினம் மத்தியானம் நான் அங்க வெந்துக்கிட்டிருப்பேன். இங்க இவ்வளவு நிழலை வச்சுக்கிட்டு நீ ஷட்டரைப் போட்டுட்டுத் தூங்குவே. பார்த்துப் பார்த்து எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா? நல்ல பக்கம் உனக்குப் போயிடுச்சேன்னு நான் உங்க மூத்தவரைத் திட்டாத நாள் இல்ல.”

“நானும் இவரை அதுக்குத்தான் திட்டுறேன்க்கா.”

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தையல்காரர் மறுபடி மெஷினை நிறுத்தினார்.

ஏப்ரல் 21

விடிந்ததும் கதவைத் தட்டினாள். என் கொத்தமல்லி, என் கீரை, இரண்டையும் அள்ளிக்கொண்டு தன் பக்கம் போனாள். “நானும் திருடிதான்டி.”

பதினோரு மணிக்கு என் கொத்தமல்லி நிமிர்ந்து நின்றது. என்னுடையது!

ஏப்ரல் 27

காலையில் இலை தழை எல்லாம் அவள் பக்கம், மத்தியானம் என் பக்கம். பூசணி, உருளை, வெங்காயம் நகர வேண்டாம், அவை எந்த வெயிலுக்கும் அசையாத ஆட்கள். என் கூடை நீலம், அவளுடையது மஞ்சள், அதனால் குழப்பம் இல்லை. குழப்பமெல்லாம் வாங்க வருகிறவர்களுக்குத்தான். பால்காரர் கேட்டார், “காலையில அங்க பார்த்த கீரை இப்ப இங்க எப்படி வந்துச்சு?” அக்கா சொன்னாள், “அதுவும் மனுஷன் மாதிரிதாங்க, வெயிலடிச்சா நிழலுக்குப் போகாதா?”

வாயும் கையும் ஒரே வேகத்தில் வேலை செய்கிற ஆள். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது இன்னும் பிடித்துப்போகிறது. மூட்டை வந்தால் மேலே இருப்பதைப் பார்ப்பதே இல்லை, கையை நடுவில் விட்டுச் சூடு பார்க்கிறாள். நடு சுட்டால் வேண்டாம். வெள்ளரியின் காம்புப் பக்கம் ஒரு கடி, கசந்தால் லாரிக்காரர் கையிலேயே மீதியைக் கொடுத்து, “நீங்க சாப்பிடுங்க, பார்க்கலாம்” என்கிறாள். அவரும் சாப்பிட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். பாவம்.

மே 3

பெரிய வேலை ஒன்று நடந்தது. இரண்டு கடைக்கும் சேர்த்து ஒரே சரக்காகக் கேட்டால் எங்கள் தெருவுக்கு முதலில் வர முடியுமா என்று லாரிக்காரரிடம் அக்கா கேட்டாள். அவர் இழுத்தார். “கசக்காத வெள்ளரியா கொண்டு வந்தா கடிக்க மாட்டேன்” என்றாள். ஒப்புக்கொண்டார்.

மே 4

வெயில் ஏறுமுன் சரக்கு வந்துவிட்டது. தக்காளி குளிர்ந்திருந்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்.

மே 15

லாரி வழியில் நின்றுவிட்டது. பச்சை என்று சொல்ல ஒரு இலை இல்லை. இவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கிடங்கு தெரிந்தது.

அக்கா பூசணியை நடுவில் அறுத்து வைத்தாள். உள்ளே அப்படி ஒரு நிறம். வாசலில் நின்றுகொண்டு கூப்பிட்டாள். “இன்னிக்குக் கீரை கேட்டு வராதீங்க, இல்ல. வெயில் தொட முடியாத காய் இதுதான், வந்து பாருங்க!” வந்தார்கள். பூசணி தீர்ந்தது, உருளையும் பாதி தீர்ந்தது. இவர் எடை போட்டுக்கொண்டே இருந்தார்.

அவளை எப்படிப் பாராட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. “தொண்டை வறண்டிருக்கும், இந்தாங்க” என்று எலுமிச்சைச் சாறு கொடுத்தேன். சர்க்கரை போதாது என்றாள்.

மே 29

இவர் சாப்பிடும்போது, “குழம்புல உப்பு கம்மி” என்றார். அடுத்த கவளத்துக்கு முன்னால், “கிடங்குக்காரர்கிட்ட வரலைன்னு சொல்லிட்டேன்” என்றார்.

உப்பு எடுத்து வைத்தேன்.

ஜூன் 14

மழை.

விடிந்ததிலிருந்து வானம் மூடியிருந்தது. வெயில் எந்தப் பக்கமும் இல்லை. என் கொத்தமல்லியை யாரும் வந்து எடுக்கவில்லை, அது என் வாசலிலேயே ஜம்மென்று இருந்தது. சந்தோஷப்பட வேண்டிய நாள். ஆனால் நான் எதிர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இனி என்ன வேலை இருக்கிறது, கூடையைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்ட? மறுபடி காய்ச்சல், கல்யாணம், சாவுதானா?

மத்தியானம் ஷட்டரை இறக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

வழக்கமான நேரத்துக்கு அக்கா மஞ்சள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மழையில் தெருவைத் தாண்டி வந்தாள்.

“அங்க சாரல் அடிக்குதுடி. உன் பக்கம் அடிக்காது.”

சாரல் என் பக்கம்தான் அடித்துக்கொண்டிருந்தது. என் வாசலுக்குள் வந்து நின்ற பிறகும் அவள் சேலை நனைவதைப் பார்த்தாலே தெரியும். நான் கூடையை இறக்கி உள்ளே வைத்தேன்.